சக்கரம் வைத்த வீட்டுக்குச் சூரியன் கிடையாது

கூரைமேல் ஆள் நடக்கிற சத்தம் கேட்டதும் நோலீன் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். எழுபத்திரண்டு வயதில் அவள் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டு நாய் குரைக்க மறந்து நின்றது. ஒரு கையில் டீ கெட்டில், மறு கையில் தேங்காய்த்தூள் புரட்டிய லாமிங்டன் கேக் தட்டு. மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஏணி வைத்துச் சோலார் பலகைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் எட்டு. கூரை வடக்குப் பார்த்தது, பூமியின் அந்தத் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகும், நிழல் விழ ஒரு மரம் கிடையாது, சூரியன் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்து போகாது. இப்படியொரு கூரையைத் தேடி அரசாங்கம் தானாக வந்து கதவைத் தட்டியது என்றால், முப்பத்தோரு வருடமாக அந்தக் கூரையைக் கழுவித் துடைத்ததற்கு இப்போதுதான் பலன் வந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"பார்த்து நடங்கப்பா, போன வருஷந்தான் பெயின்ட் அடிச்சது."

"எங்க அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட உங்க கூரை சுத்தமா இருக்கு" என்றான் மேலே இருந்த பிரென்டன். அதற்குள் மூன்றாவது லாமிங்டன் அவன் வாய்க்குள் போயிருந்தது.

வாசலுக்குள், நிழலில், அவள் கணவர் மெர்வ் தன் நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கோதுமை ரயில் ஓட்டியவர். இப்போது நடுக்குவாதம். அந்த நோய் கையை ஆட்டும் என்று ஊருக்கே தெரியும். உடம்பு வியர்க்க மறந்துபோகும் என்பது வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அதுவும் வரூண்டாவில். மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிற அந்த ஊரின் ஜனவரி வெயிலைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கம்பியில் உட்கார்ந்த வெள்ளைக் கிளிகள் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதை நடனம் என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு போன சுற்றுலாக்காரர்கள் உண்டு. காரின் மூடிமேல் முட்டை பொரிப்பதெல்லாம் பழைய கதை. வரூண்டாவில் கோழியே அவித்த முட்டைதான் போடும்.

அவர்கள் இருந்தது பெலிகன் பார்க்கில். ஆற்றோரமாகத் தொண்ணூறு வீடுகள், எல்லாம் ஓய்வூதியக்காரர்கள். வீடு அவரவருடையது, அடியில் இருக்கிற நிலம் முதலாளியுடையது. முதலாளி கடற்கரைப் பட்டணத்தில் வாழ்கிறவர், வரூண்டாவை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். மின்சாரமும் அவர் மூலமாகத்தான் வரும், ஒற்றைப் பழைய கேபிளில். மதியம் மூன்று மணிக்குத் தொண்ணூறு வீட்டுக் குளிரூட்டியும் ஓட ஆரம்பித்தால் கேபிள் படுத்துவிடும். போன ஜனவரியில் அப்படிப் படுத்தபோது மெர்வும் படுத்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அனுப்பும்போது பெண் டாக்டர் நோலீனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி ஆனால் வீட்டில் வைத்திருக்க முடியாது, தலைநகரத்தில் பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றாள். தலைநகரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். அவர்களுக்குக் கல்யாணமாகி ஐம்பத்தோரு வருடம். அதில் தனித்தனியாகப் படுத்தது அந்தப் பதினோரு ராத்திரிதான்.

அதனால்தான் அக்டோபரில் வீட்டுக்கூரைச் சூரியசக்தி உதவிச் சட்டம் மாநில சபையில் வந்தபோது, நோலீன் தொலைக்காட்சி முன்னால் பின்னல் ஊசியோடு உட்கார்ந்து விவாதம் முழுவதையும் பார்த்தாள். அந்த மாநிலத்திலேயே அதை முழுசாகப் பார்த்த ஒரே ஜீவன் அவளாகத்தான் இருக்கும். சபை உறுப்பினர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்களில் பாதிப்பேர் தூங்கினார்கள். ஓய்வூதியக்காரர்களுக்குப் பலகையும் பாட்டரியும் முழுக்க அரசுச் செலவு. பாட்டரி இருந்தால் முதலாளியின் கேபிள் படுத்தாலும் மெர்வின் அறை குளிர்ந்தே இருக்கும். சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் டாரில் பிக்கட் யார்? சாட்சாத் வரூண்டாத் தொகுதி உறுப்பினர். மசோதா நிறைவேறிய ராத்திரி நோலீன் மெர்வுக்கு ஒரு பியர் திறந்து கொடுத்தாள், டாக்டருக்குத் தெரியாமல்.

விழா வியாழக்கிழமை. பிக்கட் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவருடைய தொகுதி அலுவலகத்துப் பெண் டெகன் வந்துவிட்டாள். வயது இருபத்தாறு இருக்கும், கையில் இரண்டு போன், இரண்டிலும் பேச்சு. மெர்வின் நாற்காலியை நாலு தடவை இடம் மாற்றினாள். கொடியில் காய்ந்த உள்ளாடைகளை எடுக்கச் சொன்னாள், பிறகு சாதாரண வீடாகத் தெரிய வேண்டுமென்று இரண்டு துண்டை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள்.

பிக்கட் வந்தார். புதுசாக வாங்கின விவசாயித் தொப்பி, அதில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் பிசுக்கு. மெர்வின் கையைக் கேமரா பார்க்கும்வரை குலுக்கினார். கேமரா திரும்பியதும் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார், ரயிலோட்டியின் கையில் ஏதோ ஒட்டிக்கொள்ளும் வியாதி இருப்பது போல. நோலீன் அதைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். மேலே எட்டுப் பலகை இருந்தது.

ரொட்டியில் சுருட்டிய சாஸேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். வெங்காயப் புகை பக்கத்து மாநிலம்வரை போயிற்று. பிக்கட் ஒன்றை எடுத்து மூன்று கேமராவுக்கு மூன்று கடி கடித்தார், மெல்லவில்லை. கடித்ததையெல்லாம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, பின்பக்கம் போய்க் காகிதத்தில் துப்பி, மிச்சத்தோடு சேர்த்து டெகன் கையில் திணித்தார். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையில் போன் பேசினாள். நோலீன் வீட்டில் யாரும் ஒரு பருக்கையைக்கூடத் துப்பியதில்லை.

"சூரியன் எல்லோருக்கும் சொந்தம்" என்று பிக்கட் பேசினார். இருபது நிமிடப் பேச்சில் அதையே ஒன்பது தடவை சொன்னார். பிறகு நோலீனைத் தோளில் கை போட்டு மேசைக்கு அழைத்துப்போய், "வா கண்ணு, இந்தத் தொகுதியோட முதல் மனு உன்னோடதுதான்" என்று தன் பேனாவையே கொடுத்தார்.

கேமரா பார்க்க அவள் படிவத்தை நிரப்பினாள். பதினான்காவது கேள்வி: உங்கள் வீட்டை இருக்கிற இடத்திலிருந்து நகர்த்த முடியுமா?

நோலீன் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் காத்திருந்தது மாதிரி. பெலிகன் பார்க்கில் நவம்பர் முதல் சனிக்கிழமை டயர் நாள். அங்கே இருக்கிற எந்த வீட்டுக்கும் அடியில் சக்கரம் இருக்க வேண்டும், முன்னால் வண்டியில் மாட்டுகிற கொக்கி இருக்க வேண்டும், அது முதலாளியின் ஒப்பந்தம். முப்பத்தோரு வருடமாக ஒரு முழம் நகராத வீடாக இருக்கலாம், வரவேற்பறையும் ரோஜாத் தோட்டமும் இருக்கலாம். ஆனால் மேனேஜர் வந்து குனிந்து டயரை உதைத்துப் பார்க்கும்போது காற்று இருக்க வேண்டும். அன்றைக்குத் தொண்ணூறு கிழவன் கிழவிகளும் கால்பம்புகளோடு வீட்டுக்கு அடியில் கிடப்பார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை வெளியே வந்தவர்களும் உண்டு. நோலீனின் சக்கரங்களுக்கு ஒவ்வொரு வருடமும் முதல் பரிசு. அச்சுக்குத் தன் கையால் கிரீஸ் போடுவாள், போல்ட்டுக்குப் பல் துலக்கும் பிரஷ். அமைச்சரின் பேனாவால், 'ஆம்' என்ற கட்டத்தில், காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். பிக்கட் அதைப் படிக்காமலே தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

கார்கள் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடி கூரைமேல் காலடிச் சத்தம். பிரென்டன் பலகைகளைக் கழற்றிக் கொண்டிருந்தான்.

"என்னப்பா, இறக்கிற?"

"இது படத்துக்கு வச்சதும்மா. நாளைக்கு அடுத்த தொகுதியில இன்னொரு கூரையில ஏத்தணும். கவனிச்சீங்கன்னா இதுல வயரே கிடையாது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு அசல் வரும். மனு போட்டுட்டீங்கல்ல."

நாலு லாமிங்டன் தின்றவன், ஐந்தாவதை வேண்டாமென்றுவிட்டான்.

மூன்று வாரம் கழித்து வந்தது ஒற்றைத்தாள் கடிதம். சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி வீடு என்பது நிலத்திலிருந்து நகர்த்த இயலாதது. தாங்களே ஒப்புக்கொண்டபடி தங்களுடையது நகரக்கூடியது. எனவே அது வாகனம். வாகனங்களுக்கு இந்த உதவி இல்லை. வணக்கம்.

அதே நாளில் பக்கத்து வீட்டு சால்வதோரேவும் ஒரு கடிதத்தோடு வந்தான். எல்லோருக்கும் அவன் சால். திராட்சைத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவன், எண்பது வயதிலும் வாயில் பொய் வற்றாதவன். தன் வீட்டுச் சக்கரங்களை எந்தக் காலத்திலேயோ விற்றுக் குடித்துவிட்டான். டயர் நாளில் மேனேஜர் நோலீன் வீட்டைத் தாண்டியதும் அவளுடைய உபரிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்கு அடியில் சாய்த்து வைத்துத் தப்பிப்பான். அவன் பதினான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தான்.

"எனக்குக் கிடைச்சிருச்சு நோலீன்" என்றான்.

"உன் கூரையில யூகலிப்டஸ் மரம் படுத்துக் கிடக்கு. தெற்குப் பார்த்த கூரை வேற. அங்க நிலா வெளிச்சங்கூட விழாதே சால்."

"அதெல்லாம் படிவத்துல கேக்கல." மடித்த இன்னொரு தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். "இது மேனேஜர் கொடுத்தது, அரசாங்கக் கடுதாசி நகல் அவனுக்கும் போயிருக்கு. அரசாங்கம் உன் வீடு நகராதுன்னு எழுதியிருக்கு, நகராத வீட்டுக்கு இங்க இடமில்ல, இருபத்தெட்டு நாள்ல காலி பண்ணுங்கிறான். சூரியன் வந்திருச்சு, நிலம் போயிருச்சு." சிரிக்கத்தான் பார்த்தான். வரவில்லை.

நோலீன் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நகருமென்றால் சூரியன் இல்லை. நகராதென்றால் நிலம் இல்லை. இதை உட்கார்ந்து யோசித்து எழுத எத்தனை பேர், எத்தனை மாதம், எத்தனை பிஸ்கட் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பல வாரம் திறக்காத குளிர்பெட்டியைத் திறந்தால் முகத்தில் ஒரு நாற்றம் அடிக்குமே, அந்த மாதிரி ஒன்றுதான் வந்தது. உள்ளே மெர்வ் இருமினார். வானொலி, அடுத்த நாலு நாளும் நாற்பத்தைந்து டிகிரி என்றது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெர்வைக் காரில் ஏற்றி, கடைத்தெருவில் இருந்த பிக்கட்டின் தொகுதி அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் காற்று வந்து இரண்டு பேரையும் அணைத்துக்கொண்டது. இருபத்தோரு டிகிரி. ஆளில்லாத நாற்காலிகள் ஆறு. யாரும் படிக்காத துண்டுப் பிரசுரங்களுக்குக்கூட அங்கே குளிரூட்டியிருந்தது.

டெகன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். போன் இரண்டையும் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கேள்விய நாந்தான் எழுதினேன்" என்றாள் மெதுவாக. "கேரவன் வச்சு ஊர் ஊரா சுத்துறவங்க வாங்கிடக்கூடாதுன்னு எழுதச் சொன்னாங்க. உங்க மாதிரி வீடு இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"எங்க வாசல்ல நின்னுதானேம்மா துணிய எடுத்து எடுத்துப் போட்ட. ஒரு தரம் குனிஞ்சு பார்த்திருக்கலாம்."

டெகன் முகம் சிவந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து மேசைமேல் தள்ளினாள். "பழசைக் கிழிச்சிடறேன். இதுல 'இல்லை'ன்னு போடுங்க. யாரும் பார்க்கமாட்டாங்க."

நோலீன் பேனாவை எடுத்தாள். எடுத்தது உண்மைதான். சுவரோரம் மெர்வ் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார், குளிரில் அவர் முகத்துச் சிவப்பு இறங்கி, பழைய ரயிலோட்டியின் முகம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு டிக். அவருக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், டாக்டரிடம், அவருடைய அம்மாவிடம், ஒருமுறை போலீஸிடமே. ஆனால் இந்தப் பொய்யின் விலை சாலின் சட்டைப்பையில் மடித்து இருந்தது. 'இல்லை' என்று போட்டால் பாட்டரி வரும், அதை வைக்க வீடு நிற்கிற இடம் இருக்காது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவர் உள்ள இருக்காரா?"

உள்கதவு தானாகவே திறந்தது. பிக்கட் கையில் பெட்டியோடு வெளியே வந்தார். யாரோ ஓட்டுப்போடுகிறவர்கள் என்று முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக வந்தது, அது யாருக்கு என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. டெகன் காதருகே ஏதோ சொன்னாள்.

"அட, நம்ம நோலீன். கேள்விப்பட்டேன் கண்ணு. சட்டத்துல சின்ன ஓட்டை. அடைச்சிடலாம்."

"எப்ப?"

"ஆகஸ்ட்ல சபை கூடுது. திருத்தம் ஒண்ணு கொண்டுவரேன்."

"ஆகஸ்ட் குளிர்காலம்."

"ஆமா, குளிர்காலக் கூட்டத்தொடர்."

"மெர்வுக்கு வெயில்தான் ஆகாது. குளிர்காலத்துல அவருக்குப் போர்வை போதும், உங்க சபை வேண்டாம்."

பிக்கட் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குப் பதினொண்ணரைக்கு விமானம். டெகன் எல்லாத்தையும் குறிச்சுக்குவா." மெர்வைத் தாண்டிப் போகும்போது கையை நீட்டப்போய், சுற்றிலும் பார்த்து, கேமரா இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கையாலேயே பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வழியில் எதையோ மிதித்துவிட்டு வந்தவள் மாதிரி நோலீன் செருப்பைத் தரையில் இரண்டு தரம் தேய்த்தாள். பிறகு மெர்வுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, மாத்திரை டப்பா, தெர்மாஸ், சாண்ட்விச், பின்னல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அமைச்சரின் துண்டுப் பிரசுரங்கள்மேல் எடுத்து வைத்தாள்.

"நோலீன், என்ன பண்றீங்க?"

"ஆகஸ்டுக்காகக் காத்திருக்கோம்."

"அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

"அஞ்சு மணிக்கு வெளிய நாற்பத்திமூணு இருக்கும். அப்ப நீ எழுதின கேள்விய இன்னொரு தரம் இவருக்குப் படிச்சுக் காட்டு. அதுவரைக்கும் உன் வேலைய பாரு."

மெர்வ் கண் திறக்காமலே சொன்னார்: "நல்ல ஸ்டேஷன் நோலீன். இங்கேயே நிறுத்திக்கலாம்."

அவள் போனை எடுத்தாள். "சால், கேபிள் இருக்கா, போயிருச்சா?... எனக்குத் தெரியும், பத்தரைக்கே போகும்னு. சரி, உன் மடக்கு நாற்காலிய எடுத்துக்கிட்டுக் கடைத்தெருவுக்கு வா. பிக்கட் ஆஃபீஸ்... இல்ல, நீ மட்டும் இல்ல. ஐலீனுக்கு மூச்சுத்திணறல் இருக்குல்ல, அவளை முதல்ல ஏத்து. வீடு நகருமான்னுதான் கேட்டிருக்காங்க, நாம நகருவோமான்னு எவனும் கேக்கல." போனை வைத்துவிட்டு ஒரு வரி பின்னினாள். மறுபடி எடுத்தாள். "சீட்டுக்கட்டும் எடுத்துக்க."

டெகன் தன் இரண்டு போனையும் பார்த்தாள். ஒன்று அடிக்க ஆரம்பித்தது, திரையில் பிக்கட் பெயர். அவள் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

பதினொன்றேகால் மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே வாகன நிறுத்தத்தின் தார் உருகிப் பளபளத்தது. அதன் கோடியில் ஒரு பழைய மினிபஸ் வந்து நின்றது. முதலில் ஒரு மடக்கு நாற்காலி இறங்கியது. அதைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு ஒருவர். பின்னால் இன்னொரு நாற்காலி, கோடு போட்டது. இன்னொன்று, பச்சை. கானலில் கால்கள் தெரியவில்லை. வெயிலில் நாற்காலிகள் மட்டும் வரிசையாக மிதந்து வருவது போலிருந்தது. ஏழு, எட்டு, பன்னிரண்டு. நடுவில் ஒன்று தள்ளாடி நின்றது. பக்கத்து நாற்காலி திரும்பிப் போய் அதன்மேல் நிழலைச் சாய்த்துப் பிடித்தது. மறுபடி இரண்டும் சேர்ந்து மெதுவாக வந்தன.

டெகன் எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளின்மேல் கை வைத்தாள். போட்டால் யாரும் உள்ளே வர முடியாது, விட்டால் எல்லோரும் வரலாம். வெளியே கண்ணாடியில் அடித்த வெயிலின் சூடு உள்ளங்கைவரை வந்திருக்க வேண்டும், கையை எடுத்தாள், ஆனால் அங்கிருந்து நகரவில்லை. முதல் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே இன்னும் பத்தடி இருந்தது. மேசைமேல் போன் மூன்றாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் மறுபடி தாழ்ப்பாளில் கை வைத்தாள்.